மலையேறி வரும் கடிதம்

தபாற் பெட்டியின் வாயிலே கடிதத்தை இட்டு, அது உள்ளே விழும் ஓசையைக் கேட்டவுடன் நிம்மதியாய்த் திரும்பி நடப்போரே நம்மிற் பெரும்பாலோர். அதன்பின் அக்கடிதம் எவ்வழி செல்கிறது, எத்தனை கை மாறுகிறது, எங்கெங்கே தங்குகிறது என்பதைப்பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வந்து சேர்ந்தால் தபாற்காரரை மறந்துவிடுகிறோம். வராவிட்டால் தபாற் பகுதியை வைகிறோம். நமது வகுப்பில் ஒருமுறை, "பதிவுத் தபால் என்றால் என்ன?" என்று மாணவரைக் கேட்டோம். "முத்திரை அதிகமாக ஒட்டுவது, ஐயா" என்றான் ஒருவன். வகுப்பு முழுதும் சிரித்தது. சிரித்தவர்களுள் சரியான விடை சொல்லக் கூடியவர் இருவரோ மூவரோதான் இருந்தனர்.

இம்மாணவர்கள் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, அக்கரப்பத்தனைப் பகுதித் தோட்டங்களிலிருந்து வருவோர். கைத்தொலைபேசி இல்லாத பிள்ளையை இன்று காண்பது அரிது. ஆயினும் பல்கலைக்கழக அனுமதி, ஆசிரிய நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சை, அடகு வைத்த நகை பற்றிய வங்கி அறிவித்தல், நீதிமன்றக் கட்டளை, வாக்காளர் அட்டை ஆகியன இன்றும் காகித உறையிலே வருகின்றன. அந்த உறை நாள் தவறி வந்தால் என்ன நேரும் என்பதை நகரத்துக் குடும்பங்கள் அவ்வளவாக அறியமாட்டா. தோட்டத்துக் குடும்பங்களுக்கு அது நன்றாய்த் தெரியும். ஆகையால் இவ்வாரம் தபாலைப்பற்றியும், சிறப்பாக மலைநாட்டுத் தபாலைப்பற்றியும் சிறிது எழுதக் கருதினோம்.

தபாலின் கணக்கை முதன்முதல் தெளிவாகப் போட்டுக் காட்டியவர் இங்கிலாந்தின் ரோலண்ட் ஹில். இலண்டனிலிருந்து எடின்பரோ நகரம் வரையில் ஒரு கடிதத்தைச் சுமந்து செல்வதற்கு ஆகும் செலவு, ஒரு பென்னியில் முப்பத்தாறில் ஒரு பங்கே என்று 1837 இல் அவர் வெளியிட்ட சிறு நூலிற் காட்டினார். அக்காலத்தில் அதே கடிதத்துக்கு ஒரு ஷில்லிங்குக்கு மேல் வசூலித்து வந்தார்கள். அதனையும் பெறுபவரிடமே வாங்கினார்கள். தூரத்தினாற் செலவு பெருகவில்லை, கடிதங்களைச் சேர்ப்பதிலும், கணக்கெழுதுவதிலும், வீட்டு வாசலில் நின்று காசு கேட்பதிலுமே செலவெல்லாம் போகிறது என்பது அவர் கண்ட உண்மை. அனுப்புபவரே முன்கூட்டிப் பணம் கட்டுவது, எவ்வளவு தூரமாயினும் ஒரே கட்டணம், அதற்கு அடையாளமாக ஒரு முத்திரை என்னும் முறை 1840 இல் வந்தது இக்கணக்கின் பயனாகத்தான். இன்றும் கொழும்பில் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போகும் கடிதமும், கொழும்பிலிருந்து பொகவந்தலாவைக்கு ஏறும் கடிதமும் ஒரே கட்டணத்திற் செல்கின்றன. 2022 ஆகஸ்டில் அக்கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்தபோது பலர் மனம் நொந்தனர். அப்போதும் தூரத்துக்கு வேறு, மலைக்கு வேறு என்று யாரும் பிரிக்கவில்லை.

அந்த எடின்பரோவின் பெயர் தாங்கிய தேயிலைத் தோட்டம் ஒன்று நமது நானுஓயாவில் இருக்கிறது. ஸ்கொத்லாந்திலிருந்து வந்த துரைமார் தங்கள் ஊர் நினைவாக வைத்த பெயர்கள் மலைநாடெங்கும் பரந்து கிடக்கின்றன. அக்கரப்பத்தனையில் ஒரு கிளாஸ்கோ உண்டு. பூண்டுலோயாவில் ஷேக்ஸ்பியரின் நாடகத்திலே வரும் டன்சினன் உண்டு. ரோலண்ட் ஹில் இந்த எடின்பரோவுக்குக் கணக்குப் போட்டிருந்தால், கொழும்பிலிருந்து நானுஓயாத் தபாற்கந்தோர் வரையில் வரும் செலவு அற்பம் என்றே சொல்லியிருப்பார். கந்தோரிலிருந்து லயத்துக் காம்பராவின் வாசல் வரையில் உள்ள இரண்டு மூன்று மைலை எந்த விதத்திற் கணக்கிட்டிருப்பார் என்பது நமக்கு விளங்கவில்லை.

ஆங்கிலேயர் இலங்கையில் 1815 இல் தபாற் பகுதியை ஐந்து தபாற்கந்தோர்களோடு ஒழுங்குபடுத்தினர். கொழும்பு, காலி, மன்னார், திருகோணமலை, யாழ்ப்பாணம் என்னும் அவை ஐந்தும் கரையோரப் பட்டினங்களே. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனதும் அதே ஆண்டில்தான். மலைக்குள்ளே தபால் செல்ல வழி அதற்குப் பின்னரே பிறந்தது. முதலில் ஓட்டக்காரர் பையைத் தோளிற் போட்டுக்கொண்டு ஓடினர். 1832 இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. ஆசியாவிலேயே அதுவே முதல் என்று சொல்வார்கள். இலங்கையின் முதல் முத்திரை, விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த ஆறு பென்ஸ் முத்திரை, 1857 ஏப்ரல் 1 ஆம் தேதி வெளிவந்தது. பின்னர் ரயில் வந்தது. 1867 இல் கண்டி, 1874 இல் நாவலப்பிட்டி, 1884 இல் ஹட்டன், 1885 இல் நானுஓயா என்று தண்டவாளம் மலையேறியது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டது 1867 இல்; ரயில் முதலிற் கோப்பியை இறக்குவதற்காகவே ஏறியது, தேயிலை பின்னரே அதிற் சேர்ந்தது. இறங்கும்போது தேயிலைப் பெட்டியும் ஏறும்போது அரிசி மூட்டையும் தபாற் பையுமாக அது ஓடியது. கொழும்பிலிருந்து பதுளைக்குச் சென்ற இரவு வண்டிக்கு இரவுத் தபால் வண்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நுவரெலியாவிலே 1894 இல் எழுந்த தபாற்கந்தோரைச் சுற்றுலா சென்ற மாணவர் அனைவரும் கண்டிருப்பர். செங்கல்லும் மணிக்கூட்டுக் கோபுரமுமாய், ஆங்கில நாட்டுக் கிராமமொன்றிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தது போலிருக்கும். அதனைச் சுற்றுலா விடுதியாக்கக் கொடுக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது, 2023 நவம்பரில் தபால் ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் முன்னே நின்று படம் பிடிக்கும் கூட்டத்தை நாம் பல தடவை பார்த்ததுண்டு. உள்ளே சென்று ஒரு கடிதம் எழுதிப் போடுவோர் அக்கூட்டத்திற் சிலரே.

இனி அந்த மலையில் உழைக்க வந்தவர்களின் கதைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆள்சேர்ப்புக்காக ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் கொடுத்து, அவற்றைப் பொறித்த தகர வில்லைகளைக் கங்காணியிடம் கொடுத்தனுப்புவார்கள். தமிழ்நாட்டுக் கிராமத்திற் சேர்த்த ஆளுக்கு அந்த வில்லையை அணிவித்துவிட்டால் போதும். அவன் எந்தத் தோட்டத்துக்கு உரியவன் என்பது வழியில் உள்ள எல்லா உத்தியோகத்தருக்கும் தெரியும். வழிச்சாப்பாடும் ரயிற் கூலியும் அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கிற் பதியப்படும். எழுதத் தெரியாதவனும் வழி கேட்கத் தெரியாதவனும் மண்டபம் முகாமைத் தாண்டி, கடலைத் தாண்டி, மலையேறித் தவறாது குறித்த இடத்துக்கு வந்து சேர்ந்தனர். ஒரு பொதிக்கு முகவரிச் சீட்டைக் கட்டி அனுப்புவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? வந்து சேர்ந்தபின் வில்லையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அந்த மனிதனுக்கென்று வேறொரு முகவரியை ஒருவரும் கொடுக்கவில்லை.

இருபுறத்துக்கும் கடிதம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. 1914 இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் வழியும் திறந்தபின், சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு ஓடிய ரயிலைப் போட்மெயில் என்று அழைத்தனர். தனுஷ்கோடியிற் கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறித் திருச்சி, புதுக்கோட்டை, சேலத்துக் கடிதங்கள் மலைக்கு வந்தன. மலையிலிருந்து காசுக்கட்டளைகள் அவ்வழியே திரும்பிச் சென்றன. "உபயகுசலம், அவ்விடம் நலமறிய ஆவல்" என்று தொடங்கி, மாடு கன்று ஈன்றதும், மழை பொய்த்ததும், மாரியம்மன் திருவிழாவுக்குக் காசு தேவைப்படுவதும் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதியிருக்கும். எழுதியவர் ஒருவர், எழுதச் சொன்னவர் வேறொருவர். படிக்கத் தெரிந்த கணக்கப்பிள்ளையோ தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியாரோ கடிதத்தை உரக்கப் படிக்க, லயமே சுற்றி அமர்ந்து கேட்கும். பிற்காலத்தில் அவ்வேலை பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு வந்தது. பெற்றோருக்கு வருத்தம் தரும் வரியை விழுங்கிவிட்டு மிச்சத்தைப் படிக்கும் வித்தையை ஏழெட்டு வயதிலேயே கற்ற பிள்ளைகள் பலர்; அவர்களிற் சிலர் இன்று நம்மோடு ஆசிரியராய் இருக்கிறார்கள்.

1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பாதிப் பாதியாய்ப் பிரிக்க 1974 இல் வேறோர் ஒப்பந்தம் வேண்டியிருந்தது. முதல் ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் முடியுமுன், அவ்வாண்டு டிசம்பரில் அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்பு இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது; 1980களில் அதுவும் நின்றது. அண்ணன் கூடலூரிலும் தம்பி கொட்டகலையிலுமாகப் பிரிந்த குடும்பங்களுக்கு நீல நிற வான்கடிதம் ஒன்றே உறவாக இருந்தது. பக்கம் போதாமல் மடிப்பு ஓரங்களிலும் எழுதி நிரப்பிய அந்தக் கடிதங்களைத் தகரப் பெட்டிகளிற் சேர்த்து வைத்திருக்கும் பாட்டிமாரை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இத்தனை தூரம் தவறாது வந்த கடிதம் எங்கே தடுமாறுகிறது என்பதை இனிப் பார்ப்போம்.

நுவரெலியாவுக்கு 22200, ஹட்டனுக்கு 22000, தலவாக்கலைக்கு 22100 என்று தபாற் குறியீடுகள் உண்டு. உறையின் மேல் அந்த ஐந்து இலக்கத்தை எழுதினால் கடிதம் குறித்த தபாற்கந்தோருக்குப் பிசகாமல் வந்துவிடும். நகரத்திலே அங்கிருந்து தபாற்சேவகர் தெருப் பெயரையும் வீட்டிலக்கத்தையும் பார்த்துக் கொடுக்கிறார். தோட்டத்திலே தெருப் பெயர் ஏது? வீட்டிலக்கம் ஏது? பெயர், தோட்டத்தின் பெயர், ஊர் என்று மூன்று வரியிலே முகவரி முடிந்துவிடுகிறது. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே முகவரி. ஆகவே நெடுங்கால வழக்கப்படி அத்தனை கடிதமும் ஒரே பையில் தோட்டத்துக் கந்தோருக்குப் போய்விடுகின்றன. தோட்டத்துத் தபாற்காரர் பையைக் கொண்டுவந்து வைப்பார். துரையின் கடிதங்களும் தோட்டத்து அலுவற் கடிதங்களும் முதலிற் பிரிக்கப்படும். தொழிலாளரின் கடிதங்கள் ஒரு மேசையின் மூலையிற் கிடக்கும். பிரட்டுக் களத்திலே பெயர் கூப்பிட்டுக் கொடுப்பதும் உண்டு. அவ்வழியே போகிற பிள்ளையின் கையிற் கொடுத்தனுப்புவதும் உண்டு. கடையில் வைத்துவிட்டுப் போவதும் உண்டு.

அந்தக் கந்தோர்க் குமாஸ்தாவின் இடத்தில் இருந்தும் பார்க்க வேண்டும். ஒரு தோட்டத்தில் நாலு லெட்சுமி இருக்கலாம். அவர்களில் இருவருடைய தகப்பன்மார் பெயரும் ராமையாவாக இருக்கலாம். ஆங்கிலத்தில் ஒருவிதமாகவும் சிங்களத்தில் வேறுவிதமாகவும் எழுதிய பெயரைத் தமிழில் எப்படிப் படிப்பது என்று தயங்கலாம். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயரொன்று, மக்கள் வாயில் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறொன்று. மேட்டு லயமா, பணிய லயமா, எந்தப் பிரிவு என்று உறையில் ஒன்றுமில்லை. அவருக்குக் கடிதங்களைக் கொடுப்பது உத்தியோகமும் அன்று. கொழுந்துக் கணக்குக்கு நடுவே வந்து சேரும் உபகாரம். தபாற் பகுதியின் ஏட்டிலோ கடிதம் கொடுக்கப்பட்டாயிற்று.

நமது மாணவி ஒருத்தி, ஐந்து ஆண்டுகளுக்கு முன் பட்டம் பெற்றவள். ஓர் அரச நிறுவனத்தில் உத்தியோகத்துக்கு எழுத்துப் பரீட்சை எழுதித் தேறினாள். நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் ஒரு புதன்கிழமை மாலை அவள் கைக்குக் கிடைத்தது. பரீட்சை அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை கொழும்பில் நடந்து முடிந்திருந்தது. உறையின்மேல் ஊர்த் தபாற்கந்தோர் குத்திய தேதியைப் பார்த்தோம். பரீட்சைக்குப் பன்னிரண்டு நாளுக்கு முன்னரே கடிதம் ஊருக்கு வந்துவிட்டது. மீதி நாளெல்லாம் இரண்டு மைலுக்குள்ளே கழிந்திருக்கின்றன. அந்த நிறுவனத்துக்கு எழுதினோம். குறித்த நாளில் வராதவர்களுக்கு மறுதவணை இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதில் மட்டும் கல்லூரி முகவரிக்கு வந்தபடியால் மூன்றாம் நாளே கிடைத்தது! அவளுடைய தாய் கொழுந்துக் கூடையோடு வந்து நம்மிடம், "ஐயா, கடுதாசி வந்ததா வரலையான்னு ஆபீசுக்கு நடையா நடந்தேனுங்களே" என்று சொன்னபோது, நமக்கு விடை சொல்ல வாயெழவில்லை. அவள் இன்று வேறோர் உத்தியோகத்தில் இருக்கிறாள். அதன்பின் எந்த விண்ணப்பத்திலும் அவள் தோட்டத்து முகவரியைத் தனியே எழுதுவதில்லை. ஹட்டன் கடைவீதியில் உள்ள மாமன் முறையான ஒருவரின் கடை இலக்கத்தையே எழுதுகிறாள்.

இப்படிக் கடை முகவரி, ஆசிரியர் முகவரி, உறவினர் முகவரி என்று இரவல் வாங்கியே ஒரு சமுதாயம் தன் கடிதங்களைப் பெறுகிறது. நுவரெலியா மாவட்டத்தில் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மலையகத் தமிழர் பாதிக்கு மேற்பட்டவர். இது சிலருடைய சில்லறைக் குறை என்று ஒதுக்கத் தக்கதன்று.

பதிவுத் தபால் என்றால் என்ன என்பதற்கு இங்கே விடை சொல்லிவிடலாம். சாதாரணக் கடிதத்துக்கு எங்கும் கணக்கில்லை. பெட்டியில் விழுந்தது முதல் அது ஒரு கூட்டத்தில் ஒன்று. பதிவுத் தபாலுக்கு எண் உண்டு. கை மாறும் இடந்தோறும் பதிவு உண்டு. பெறுபவர் கையொப்பமிட்டே பெறவேண்டும். அந்த எண்ணின் அமைப்பை உலகத் தபாற் சங்கம் நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக வகுத்திருக்கிறது. முன்னே இரண்டு எழுத்து, நடுவே ஒன்பது இலக்கம், பின்னே நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து, இலங்கைக்கு எல்.கே., இந்தியாவுக்கு ஐ.என். ஒன்பதாவது இலக்கம் ஒரு காவற்காரன். முதல் எட்டு இலக்கங்களை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றாற் பெருக்கிக் கூட்டி, கூட்டுத்தொகையை 11 ஆல் வகுத்து, மீதியை 11 இலிருந்து கழித்தால் அந்த ஒன்பதாவது இலக்கம் வரும். (கழித்தபின் 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் கொள்வர்.) 12345678 என்று வைத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 204, மீதி 6, காவல் இலக்கம் 5. கணக்கிலே பிரியமுள்ள மாணவர் வீட்டில் உள்ள பழைய பற்றுச்சீட்டை எடுத்துப் போட்டுப் பார்க்கட்டும். எண்ணிலே ஓர் இலக்கத்தைப் பிழையாக எழுதினால் யந்திரம் பெரும்பாலும் உடனே கண்டுகொள்ளும் இரகசியம் இதுதான்.

இந்தியாவில் உறவினர் உள்ளோர் ஒன்றை அறிந்துகொள்க. அங்கே உள்நாட்டுப் பதிவுத் தபாலை 2025 இல் விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். ஆகவே அங்கிருந்து கோயம்புத்தூருக்கோ சேலத்துக்கோ பதிவுத் தபால் அனுப்பியதாக யாரேனும் இப்போது சொன்னால் அது விரைவுத் தபாலாகத்தான் இருக்கும்.

கடல் கடந்து போகும் தபாலுக்கு அடிப்படை 1874 அக்டோபர் 9 இல் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரிற் செய்த உடன்படிக்கை. இலங்கை 1877 இல் அதிற் சேர்ந்தது. அனுப்பும் நாடு முத்திரைக் காசைத் தானே வைத்துக்கொள்ளும். பெறும் நாடு கூலியின்றிக் கொண்டுபோய்க் கொடுக்கும். கடிதத்துக்குப் பதிற் கடிதம் வருமாகையால் கணக்கு நேராகிவிடும் என்பது அவர்களுடைய எண்ணம். குடும்பத்துக்குள் கைமாற்றுக் கொடுப்பது போன்ற இந்த நம்பிக்கை ஏறக்குறைய நூறாண்டு ஓடியது. சில நாடுகள் அனுப்புவதை விடப் பெறுவது மிகுதியானபடியால், 1969 இல் பெறும் நாட்டுக்கும் ஒரு பங்கு கொடுக்கவேண்டும் என்று தீர்மானித்தனர்.

சிறு பொதியென்பதும் கடிதத் தபாலில் ஒரு வகையே. அதன் நிறை இரண்டு கிலோவைத் தாண்டலாகாது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 90 சென்ரிமீற்றருக்குள்ளும், எந்தப் பக்கமும் 60 சென்ரிமீற்றருக்குள்ளும் இருக்கவேண்டும். அதற்கு மேற்பட்டது பார்சல்; அதற்குக் கட்டணமும் வழியும் வேறு. நம் மலைநாட்டார் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்புவது பெரும்பாலும் தேயிலைப் பக்கற்று. "பரிசு" என்று மட்டும் எழுதிவிட்டு, உள்ளே என்ன, எவ்வளவு நிறை, என்ன மதிப்பு என்று சுங்கச் சீட்டில் எழுதாமற் போட்டால், அப்பொதி போய்ச் சேரும் நாட்டின் சுங்கச் சாலையில் வாரக்கணக்கிற் குந்தியிருக்கும். 2021 முதல் பொருள் வைத்த உறைகளின் விவரத்தைப் பொதி போகுமுன்னரே மின்வழியாக அனுப்பவேண்டும் என்ற விதியும் வந்திருப்பதால், தபாற்கந்தோரில் விவரம் கேட்கும்போது சலித்துக்கொள்ளாமற் சொல்வது நன்று. காசையும் நோட்டையும் சாதாரணக் கடிதத்தில் வைத்தல் கூடாது. பழனியிலிருந்து சிறு உறையில் விபூதி வருவதற்கு ஒருவரும் தடை சொன்னதாக நாம் கேள்விப்படவில்லை. அதையும் சுங்கச் சீட்டில் விபூதி என்றே எழுதுவதுதான் முறை.

கடைசி இரண்டு மைலுக்குப் பரிகாரம் என்ன? இந்த நூற்றாண்டில் தோட்டப் பகுதிகளிலிருந்தே தமிழறிந்த இளைஞரைத் தபாற்சேவகராக நியமித்தார்கள். அவர்கள் பொறுப்பேற்ற இடங்களிற் கடிதம் லயம் வரையிற் போகிறது. எல்லா இடத்துக்கும் அது எட்டவில்லை. தோட்டத்துப் பாதை தோட்டத்துக்குச் சொந்தம்; 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் சபையின் காசைத் தோட்டத்துக்குள்ளே செலவிட இடையூறாக இருந்தது. 2018 இல் அச்சட்டத்தைத் திருத்தினார்கள். அதே ஆண்டில் பெருந்தோட்டப் பகுதிகளிற் புதிய கிராமங்களை அமைப்பதற்கான அதிகாரசபையொன்றை 32 ஆம் இலக்கச் சட்டம் ஏற்படுத்தியது. காணித்துண்டும் தனி வீடும் உள்ள இடங்களில் தெருவுக்குப் பெயரும் வீட்டுக்கு இலக்கமும் வைக்க இப்போது தடையொன்றுமில்லை. லயங்களிலோ அந்த வேலை இன்னும் தொடங்கவேயில்லை என்று சொல்லவேண்டியிருக்கிறது. நம் எண்ணத்தில், லயங்கள் எல்லாம் வீடாகும் வரையிற் காத்திருக்கத் தேவையில்லை. லயத்துக்கு ஓர் எண், காம்பராவுக்கு ஓர் எண், அவை எழுதிய ஒரு பட்டியல் தபாற்கந்தோரிலும் கிராம அலுவலரிடமும் இருந்தாற் போதும். சுண்ணாம்பும் தூரிகையும் கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணவர் சங்கமொன்று முடித்துவிடக் கூடிய வேலை அது. அதன்பின் தபாற்சேவகர் அந்த எண்ணைத் தேடி வருவதற்குத் தபாற் பகுதிதான் ஆள் கொடுக்கவேண்டும்.

அது வரையில் மாணவர் செய்யத்தக்கன சில உண்டு. விண்ணப்பத்தில் தோட்டத்தின் பெயரோடு பிரிவின் பெயரையும், லயத்தின் எண்ணையும், தகப்பனார் பெயரை முழுமையாகவும் எழுதுக. தபாற் குறியீட்டை விடாதீர்கள். பரீட்சைக்கோ நேர்முகத்துக்கோ விண்ணப்பித்தால், கடிதம் வரும் காலத்தை உத்தேசித்து உப தபாலகத்துக்கே நேரே சென்று தபாலதிபரைக் கேளுங்கள். அவர்களிற் பலர் உங்கள் முகத்தைப் பார்த்தவுடன் பையைக் கிளறிப் பார்க்கும் நல்லவர்கள். கடிதம் பிந்தி வந்தால் உறையை எறிந்துவிடாதீர்கள். ஊர்த் தபாற்கந்தோரின் தேதி முத்திரை தெளிவாய்க் குத்தியிருந்தால், கடிதம் எங்கே எத்தனை நாள் இருந்தது என்பதற்கு அவ்வுறையே சாட்சி. நீங்கள் அனுப்பும் கடிதத்தின் பின்புறத்தில் உங்கள் முகவரியையும் எழுதுங்கள். கொடுக்க முடியாத கடிதம் எளிதில் திரும்பி வர அதுவே வழி.

சென்ற தைப்பொங்கலுக்கு நோர்வூட் பக்கத்திற் புதிய வீட்டுத் திட்டமொன்றுக்குப் போயிருந்தோம். நமது பழைய மாணவன் ஒருவனின் தகப்பனார், நாற்பதாண்டு லயத்தில் இருந்தவர், வீட்டுக்குப் போய் நாலு ஆண்டாயிற்று. முன் சுவரில் அவரே நீலச் சாயத்தில் இலக்கம் எழுதியிருந்தார். சுவாமி படத்தட்டிலே விநாயகர் படத்துக்குக் கீழே மடித்த காகிதமொன்று இருந்தது. நேர்த்திக்கடன் சீட்டாக்கும் என்று எண்ணிக் கேட்டோம். எடுத்துக் காட்டினார். மின்சாரக் கட்டணப் பட்டியல். நாலு ஆண்டுக்கு முந்தியது. காசு கட்டி முடித்தது. அவருடைய பெயரும் அந்த நீல இலக்கமும் அதில் அச்சிட்டிருந்தன. "வாசல்ல வந்து பேரச் சொல்லிக் கூப்பிட்டுக் குடுத்தாங்க, சார்" என்றார்.